நாலு மணிக் காபியும் ஆறு டப்பா மாத்திரையும்

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 49 வயது. தேவகோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்குச் சென்னையில் வியாபாரம், மாதம் ஒருமுறை வந்துபோவார். மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். மாமியார் தவறி இரண்டு வருடம் ஆகிறது. அதிலிருந்து நான் கவிச்சி சாப்பிடுவதில்லை. பகலில் வேலைக்கு ஒரு பெண் வருவாள், மற்றபடி இந்தப் பெரிய வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு வருடமாக உடம்பில் தெம்பு இல்லை, எதிலும் மனசு ஒட்டவில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை ஐந்து வருடமாகச் சாப்பிடுகிறேன். ஆஸ்பிரின் 75 ஒன்றும் உண்டு. தினமும் காலையில் ஊருணியைச் சுற்றி நடக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன் வந்த மகள், ஆன்டிஆக்சிடன்ட் சாப்பிட்டால் மனசும் உடம்பும் தெளியும் என்று ஆறு டப்பா வைத்துவிட்டுப் போனாள். வைட்டமின் சி 1000, வைட்டமின் ஈ 400, ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் 600, கோ-கியூ 10, கிரீன் டீ சத்து, முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் 10,000. முதல் மூன்று வாரம் பறப்பது போல இருந்தது. இப்போது பழையபடி ஆகிவிட்டது. போன மாதம் தைராய்டு பார்த்தேன், நார்மல். டோஸைக் கூட்டலாமா? என்.ஏ.சி. என்று ஒன்று மனசுக்கு நல்லது என்கிறாளே, அதையும் சேர்க்கலாமா? நம் கறுப்புக் கவுனி அரிசியிலேயே இதெல்லாம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? இன்னொன்று. நாலு மணிக்கு மேல் வேர்த்து, கை நடுங்கி, முகப்பில் அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன். சர்க்கரை போட்டு ஒரு காபி குடித்தால்தான் தெளிகிறது. சோமவாரமும் சஷ்டியும் மதியம் சாப்பிடமாட்டேன், அன்றைக்கு இன்னும் மோசம். மாதவிலக்கும் இப்போது அதிகமாகப் போகிறது, வயசு என்று விட்டுவிட்டேன்.

பதில்: ஆச்சி, நீங்கள் விரிவாக எழுதியிருப்பது டப்பாக்களைப் பற்றி. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருப்பது நாலு மணிக் காபியைப் பற்றி. நான் அந்தக் காபியிலிருந்து தொடங்குகிறேன். டோஸைக் கூட்டுவதா குறைப்பதா என்ற பேச்சு ஒரு மாதம்கூடக் காத்திருக்கலாம். காபி விஷயம் இன்று மாலைக்கு மேல் காத்திருக்கக் கூடாது.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிற ஒருவருக்கு வேர்த்து, கை நடுங்கி, இனிப்பு உள்ளே போனதும் தெளிகிறது என்றால், இரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போகிறது என்றுதான் நான் முதலில் நினைப்பேன். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இவ்வளவு அவசரப்படுத்தமாட்டேன். உங்கள் மாத்திரையில் கிளிமிபிரைடும் இருக்கிறதே. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மருந்து. நீங்கள் சாப்பிட்டீர்களா, விரதமா என்று அதற்குத் தெரியாது. காலையில் போட்ட மாத்திரை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், மதியம் இலையில் ஒன்றும் விழாது, நாலு மணிக்கு உடம்பு தள்ளாடும். விரத நாளில் இன்னும் மோசம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆல்ஃபா லிபோயிக் ஆசிடும் சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கக் கூடியது. சர்க்கரை மாத்திரையோடு அது சேரும்போது இறக்கம் கூடலாம்.

ஆகவே இன்று நாலு மணிக்கு அந்த நடுக்கம் வந்தால், காபிக்கு அடுப்பைப் பற்றவைக்கும் முன் குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் ஏறவில்லை என்றால் திரும்பவும் ஒரு முறை. ஏறிய பிறகு இரண்டு இட்லியோ கொஞ்சம் சோறோ சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். வீட்டில் மீட்டர் இல்லை என்றால் எண்ணுக்காகக் காத்திருக்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிடுங்கள், நாளைக்கே மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள். வேலைக்கு வரும் பெண்ணிடமும் இதைச் சொல்லிவையுங்கள். நினைவு தப்பிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும் என்பதை அவளுக்கு இரண்டு முறை சொல்லுங்கள்.

ஒரு வாரம் இந்த நாலு மணி எண்ணைக் குறித்து உங்கள் சர்க்கரை டாக்டரிடம் எடுத்துப்போங்கள். எண் ஒரு முறை 70-க்குக் கீழே வந்தாலும் வாரம் முடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே அவருக்குச் சொல்லிவிடுங்கள். கிளிமிபிரைடைக் குறைப்பதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்று அவர் முடிவு செய்வார். மாத்திரையை நீங்களாக நிறுத்தவேண்டாம். அதுவரை சோமவாரத்தையும் சஷ்டியையும் தள்ளிவையுங்கள், அல்லது மதியம் பழமும் பாலுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி இப்படி இறங்குகிறவர்களுக்குக் காரணமில்லாத பயம், எரிச்சல், கவனம் நிற்காமல் போவது எல்லாம் வரும். மனசு ஒட்டவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு பங்கு இதுவாகவே இருக்கலாம்.

சரி, இனி டப்பாக்களுக்கு வருவோம்.

ஆன்டிஆக்சிடன்ட் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் வீட்டு இரண்டாம் கட்டிலேயே பார்க்கலாம். புழங்காத பித்தளை அண்டாவில் களிம்பு ஏறும், புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வரும். மூச்சுக்காற்றின் ஆக்சிஜனால் உடம்பின் செல்களுக்குள்ளும் இப்படி ஒரு தேய்மானம் நடக்கிறது, அதைச் செய்பவை ஃப்ரீ ராடிக்கல்கள், முதுமைக்கே அவைதான் காரணம் என்று டென்ஹாம் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1956-இல் எழுதினார். மனச்சோர்வு உள்ளவர்களின் இரத்தத்தில் இந்தத் தேய்மானத்தின் தடயங்கள் கூடுதலாக இருப்பதையும் பின்னால் பார்த்திருக்கிறார்கள். இந்தத் தேய்மானத்தைத் தடுக்கிற பொருள்களுக்குத்தான் ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர். அப்படியானால் புளி போட்டுத் தேய்க்கிற மாதிரி ஒரு மாத்திரையைப் போட்டால் மனசும் தெளியும் என்று தோன்றுவது இயல்புதான். உங்கள் மகள் ஒன்றும் தவறாக நினைக்கவில்லை.

ஆனால் உடம்பு அண்டா மாதிரி சும்மா கிடப்பதில்லை. கிருமியைக் கொல்ல நம் வெள்ளணுக்கள் இதே ஃப்ரீ ராடிக்கல்களைத்தான் ஆயுதமாக உண்டாக்குகின்றன. நடக்கும்போது தசைக்குள் உண்டாகிறவை, இன்னும் பலமாகு, சர்க்கரையை நன்றாக உறிஞ்சு என்று தசைக்குச் செய்தி சொல்கின்றன. 2009-இல் ஜெர்மனியில் ஓர் ஆய்வு வந்தது. இளைஞர்களை நாலு வாரம் உடற்பயிற்சி செய்யவைத்து, பாதிப்பேருக்கு வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் வைட்டமின் ஈ 400 யூனிட்டும் கொடுத்தார்கள். உங்கள் அலமாரியில் இருக்கும் அதே அளவு! மாத்திரை சாப்பிடாதவர்களுக்குப் பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது. சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அது சின்ன ஆய்வு, அவர்கள் இளைஞர்கள், அதையே கடைசி வார்த்தை என்று நான் சொல்லமாட்டேன். ஆனாலும் விடிகாலையில் ஊருணியைச் சுற்றி நடந்து நீங்கள் சேர்க்கிறதை இரண்டு மாத்திரை கரைத்துவிடக் கூடும் என்ற எண்ணம் எனக்குப் பொறுக்கவில்லை.

சத்து மாத்திரைதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சொல்வார்கள். ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம், கேரட்டில் இருக்கிற பீட்டா கரோட்டினை மாத்திரையாகக் கொடுத்து நுரையீரல் புற்றுநோய் குறைகிறதா என்று பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை சாப்பிட்டவர்களுக்குப் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் அதேபோல நடந்த இன்னொரு ஆய்வை 1996-இல் முன்கூட்டியே நிறுத்தினார்கள். நீங்கள் புகைபிடிப்பவர் இல்லை, உங்கள் டப்பாக்களில் பீட்டா கரோட்டினும் இல்லை. உணவில் நல்லதாக இருப்பது மாத்திரையில் பல மடங்காகச் செறிந்து வரும்போது வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

உங்கள் ஆறில் எனக்கு அதிகக் கவலை தருவது வைட்டமின் ஈ. தினசரித் தேவையைப் போல அது பத்து மடங்குக்கு மேல். அந்த அளவில் இரத்தம் உறைவதை அது சற்றுத் தடுக்கும். ஆஸ்பிரினும் அதே வேலையைத்தான் வேறு வழியில் செய்கிறது. இரண்டும் சேர்ந்த உடம்பில் மாதவிலக்கு அதிகமாகப் போகிறது என்று எழுதிவிட்டு, வயசு என்று விட்டுவிட்டேன் என்கிறீர்கள். விட்டுவிடாதீர்கள் ஆச்சி. 49 வயதில் மாதவிலக்கு நிற்கும் முன் ஒழுங்கு மாறுவது உண்மைதான், ஆனால் அதிகமாகப் போவதற்குக் கர்ப்பப்பைக் கட்டி, உள்சுவர் தடிப்பது, தைராய்டு என்று வேறு காரணங்களும் உண்டு. ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போய் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறதா என்பதையும் கவனியுங்கள். அப்படிப் போனால் வயிற்றுக்குள் இரத்தம் கசிகிறதோ என்று உடனே பார்க்க வேண்டும். வைட்டமின் ஈயை இன்றோடு நிறுத்துங்கள். ஆஸ்பிரினை நிறுத்தவேண்டாம். மாரடைப்போ ஸ்டென்ட்டோ உங்களுக்கு இல்லை என்றால், இந்த ஆஸ்பிரின் இன்னும் தேவையா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், நியாயமான கேள்விதான்.

பயோட்டினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்கும் தெரியாது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 30, 40 மைக்ரோகிராம்தான். உங்கள் டப்பாவில் இருப்பது 10,000. உடம்புக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் லேபில் குழப்பம் வரும். பல இயந்திரங்கள் தைராய்டு பரிசோதனையைச் செய்வதே பயோட்டினை ஒரு பசை மாதிரிப் பயன்படுத்தித்தான். இரத்தத்தில் ஏற்கெனவே பயோட்டின் நிரம்பி இருந்தால் அந்தப் பசை சரியாக ஒட்டாது, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.ஹெச். அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அதாவது தைராய்டு மந்தமாக இருந்து டி.எஸ்.ஹெச். ஏறியிருந்தாலும், தாளில் நார்மல் என்று வந்துவிடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-இல் இதை எச்சரிக்கையாகவே வெளியிட்டது. எல்லா லேப் இயந்திரத்திலும் இப்படி நடக்காது. ஆனாலும் பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டே எடுத்த உங்கள் நார்மலை நான் நார்மலாக எடுத்துக்கொள்ளமாட்டேன். ஒரு வாரம் நிறுத்திவிட்டு மறுபடி எடுங்கள்.

கிரீன் டீ சத்து மாத்திரையும் வேண்டாம். டம்ளரில் குடிக்கும் கிரீன் டீ வேறு, அதைச் சுண்டக்காய்ச்சிய மாதிரி வருகிற இந்த மாத்திரை வேறு. சிலருக்கு, அதிலும் வெறும் வயிற்றில் போடும்போது, இது கல்லீரலைப் பாதித்திருக்கிறது. நீங்களோ விரதம் இருக்கிறவர். அதோடு சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தையும் இது உடம்பில் ஏறவிடாது. வைட்டமின் சி 1000 தினமும் தேவையில்லை. ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 65 மில்லிகிராம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர்., அது ஒரு சின்னக் கொய்யாப்பழத்தில் இருக்கிறது. கோ-கியூ 10 மட்டும் அப்படியே இருக்கட்டும், அதற்குப் பிறகு வருகிறேன்.

அப்படியானால் முதல் மூன்று வாரம் பறந்தது எப்படி என்று கேட்பீர்கள். அது பொய் என்று நான் சொல்லவே மாட்டேன். மகள் வந்திருந்தாள், வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது, இரண்டு பேருக்காக அடுப்பு எரிந்தது, நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டிருப்பீர்கள். அம்மா தெளிந்துவிட வேண்டும் என்று ஒருத்தி கடல் தாண்டி வந்து கையில் கொடுத்த மாத்திரைக்கு, உள்ளே என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பலன் உண்டு. மனச்சோர்வுக்கான மருந்து ஆய்வுகளில் வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களிலும் கணிசமானவர்கள் தேறுவதால்தான், எந்த மருந்தையும் மாவு மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நாங்கள் நம்புவதில்லை. பறந்தது உண்மை. எதனால் பறந்தீர்கள் என்பதுதான் தெரியவில்லை. ஆறையும் ஒரே நாளில் தொடங்கியதால் அதைத் தெரிந்துகொள்ள இனி வழியும் இல்லை.

டோஸைக் கூட்டுவதற்கு முன் உங்கள் தெம்பு எங்கே கசிகிறது என்று பார்ப்போம். அதிகப்படியான மாதவிலக்கு, கவிச்சி இல்லாத சாப்பாடு, சாப்பிட்ட கையோடு காபி குடிக்கிற வழக்கம் இருந்தால் அதுவும். இந்த மூன்றும் சேர்ந்தால் இரும்புச்சத்து இறங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுவரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்கிறது என்று நிம்மதியாகிவிடவும் கூடாது. உடம்பின் இரும்பு இருப்பைச் சொல்வது ஃபெரிட்டின். அது 15-க்குக் கீழே போய்விட்டால், ஹீமோகுளோபின் இன்னும் விழாமல் இருந்தாலும் இருப்பு காலி என்று பொருள். சோர்வு, படி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது எல்லாம் அந்தக் கட்டத்திலேயே வரும். முடிக்கு என்று பயோட்டின் சாப்பிடுகிறீர்களே, முடி கொட்டுவதே இரும்புக் குறைவாலோ தைராய்டாலோ இருக்கலாம்.

என்னிடம் வந்த ஒரு பள்ளி ஆசிரியை இரண்டு வருடம் விதவிதமான சத்து மாவும் டானிக்கும் சாப்பிட்டுப் பார்த்தவர். ஹீமோகுளோபின் கிட்டத்தட்ட சரியாக இருந்ததால் யாரும் மேலே பார்க்கவில்லை. ஃபெரிட்டின் 6. கர்ப்பப்பைக் கட்டிக்கு வைத்தியம் செய்து, இரும்பு மாத்திரையும் கொடுத்து மூன்றாவது மாதம், கரும்பலகையில் ஒரு பீரியட் முழுக்க நின்றுகொண்டே எழுதினேன் டாக்டர் என்று சொல்ல வந்தார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்தது பி12. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 உடம்பில் ஏறுவது குறையும். கவிச்சியையும் விட்டவருக்கு அது வரும் வழி பாலும் தயிரும்தான். பி12 குறைந்தால் சோர்வோடு மனசும் மங்கும், மறதி வரும், பாதம் மதமதக்கும். பாத மதமதப்பைச் சர்க்கரை நரம்புக் கோளாறு என்று நினைத்து ஆல்ஃபா லிபோயிக் ஆசிட் சாப்பிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், சிலருக்குக் குறை பி12-இல் இருக்கும். ஆகவே முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், பி12, டி.எஸ்.ஹெச்., மூன்று மாதச் சர்க்கரை, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, இவ்வளவையும் ஒரே ரத்தத்தில் எடுத்துவிடுங்கள். காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ எந்த நல்ல லேபிலும் செய்வார்கள். பயோட்டினை நிறுத்திய எட்டாம் நாள் போங்கள். எது குறைகிறதோ அதை உங்கள் டாக்டர் நிரப்பட்டும். இரும்பு மாத்திரை கொடுத்தால் காபிக்கும் அதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், அதோடு ஒரு நெல்லிக்காயைக் கடித்துக்கொள்ளுங்கள். வைட்டமின் சியால் உங்களுக்கு நிச்சயமான உபயோகம் அங்கேதான் இருக்கிறது.

இதெல்லாம் சரியாகி மூன்று மாதம் கழித்தும், எனக்கு இன்னும் ஒன்றைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் தடுக்கமாட்டேன். தன் உடம்பைத் தானே கவனித்துப் பார்க்கிற ஆர்வம் நல்லதுதான். கணக்கோடு செய்யுங்கள். பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்தி, நாள் தவறாமல் பேரேடு எழுதி, ஐந்தொகை எடுத்த நகரத்தார் வீட்டில் இருக்கிறீர்கள். எது வரவு, எது பற்று என்று தெரியாமல் ஆறு சரக்கை ஒரே நாளில் இறக்கி, ஒரே வரியில் எழுதிவைக்க உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சம்மதித்திருப்பார்களா?

திருக்கார்த்திகைத் திருநாள் முடிந்ததிலிருந்து பிள்ளையார் நோன்புவரை நாளுக்கு ஓர் இழையாக 21 இழை எடுத்துவைக்கிற பழக்கம் உங்களுக்கு இருக்கும். அந்த 21 நாளையே அளவாக வைத்துக்கொள்வோம். முதல் 21 நாள் எந்தச் சத்து மாத்திரையும் இல்லாமல், ஒரு நோட்டில் தினமும் இரவு படுக்கும் முன் தெம்புக்குப் பத்துக்கு இத்தனை, மனசுக்குப் பத்துக்கு இத்தனை என்று எண் போடுங்கள். பக்கத்திலேயே எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், நாலு மணி எண் என்ன, மாதவிலக்கு நாளா, அன்றைக்கு யாரோடாவது உட்கார்ந்து பேசினீர்களா என்பதையும் எழுதுங்கள். அடுத்த 21 நாள் கோ-கியூ 10 மட்டும். அதை நான் தேர்ந்தெடுப்பது பெரிய பலனை எதிர்பார்த்து இல்லை, உங்கள் ஆறில் பொதுவாகத் தொந்தரவு குறைந்தது அது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் ஆகாது, நீங்கள் அது சாப்பிடவில்லை. அப்புறம் 21 நாள் நிறுத்தம். அப்புறம் மறுபடி 21 நாள். எவ்வளவு ஏறினால் பலன் என்று ஒத்துக்கொள்வது என்பதை முதல் நாளே நோட்டின் அட்டையில் எழுதிவிடுங்கள். சராசரி இரண்டு புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். மாத்திரை நாட்களில் ஏறி, நிறுத்தியதும் இறங்கி, தொடங்கியதும் மறுபடி ஏறினால் யோசிப்போம். ஒரு தடவை ஏறியதை மட்டும் வைத்து முடிவு கட்டவேண்டாம்.

வேலைக்கு வரும் பெண்ணையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த வாரம் மாத்திரை, எந்த வாரம் இல்லை என்று அவளிடம் சொல்லாமல், ஆச்சி இந்த வாரம் எப்படி இருந்தார்கள் என்று ஞாயிற்றுக்கிழமை ஒரு வார்த்தை அவளைச் சொல்லச் சொல்லி அதையும் எழுதுங்கள். நீங்கள் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டீர்களா, தட்டில் சோற்றை மிச்சம் வைத்தீர்களா என்பதெல்லாம் அவள் கண்ணில்தான் முதலில் படும்.

என்.ஏ.சி., அதாவது என்-அசிட்டைல் சிஸ்டீன் பற்றிக் கேட்டீர்கள். பாராசிட்டமால் அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியில் நாங்கள் மாற்றுமருந்தாகக் கொடுப்பது அதுதான். சளியைக் கரைக்கவும் உண்டு. மனசுக்கு என்ற பேச்சு ஆதாரமில்லாமல் வரவில்லை. 2008-இல் ஆஸ்திரேலியாவில், மனநிலை ஒரேயடியாக ஏறி இறங்கும் பைபோலார் நோயாளிகள் 75 பேரிடம் ஏற்கெனவே சாப்பிடும் மருந்தோடு தினமும் 2 கிராம் சேர்த்து 24 வாரம் கொடுத்தபோது, அவர்களின் மனச்சோர்வு குறைந்தது. 2014-இல் மனச்சோர்வு நோயுள்ள 252 பேரிடம் பார்த்தபோது, 12 வாரம் முடிவில் மாவு மாத்திரைக்கும் இதற்கும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. இரண்டு ஆய்வும், மருத்துவர் கண்டுபிடித்து வைத்தியம் செய்துகொண்டிருக்கிற நோயாளிகளைப் பற்றியவை. காரணம் இன்னும் தெரியாத சோர்வுக்கு வீட்டில் இருந்தபடி தொடங்குகிற மருந்தாக இதை நான் சொல்லமாட்டேன். ஆஸ்துமா இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அமெரிக்க டப்பா என்பதால் சோதித்து அனுமதி வாங்கியது என்றும் நினைக்கவேண்டாம். அங்கே 1994-இல் வந்த சட்டப்படி இவை உணவு வகையில் சேர்ந்தவை. பலன் தரும் என்று முன்கூட்டியே நிரூபிக்கத் தேவையில்லை.

கவுனி அரிசியில் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஊறவைத்த தண்ணீர் கத்தரிப்பூ நிறத்தில் இறங்குகிறதே, அந்த நிறமே ஆந்தோசயனின் என்ற ஆன்டிஆக்சிடன்ட். ஊறின தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைப்பது நல்ல பழக்கம். ஆனால் கல்யாண வீட்டுக் கவுனி அரிசியில் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் எவ்வளவு விழும் என்பது எனக்கு நீங்கள் சொல்லித்தர வேண்டியது! சர்க்கரை உள்ளவர் நாலு ஸ்பூன் சாப்பிட்டுச் சந்தோஷப்படுங்கள், மருந்தாக நினைத்துக் கிண்ணம் கிண்ணமாக வேண்டாம். எந்த உணவில் எத்தனை ஆன்டிஆக்சிடன்ட் என்று அமெரிக்க வேளாண் துறை ஒரு பெரிய பட்டியலே வைத்திருந்தது. சோதனைக் குழாயில் வரும் எண்ணுக்கும் உடம்பில் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு இல்லை, கம்பெனிகள் அதை விளம்பரத்துக்குப் பயன்படுத்துகின்றன என்று சொல்லி 2012-இல் அதை எடுத்துவிட்டார்கள்.

இனி ஒன்று. இதை மாத்திரைப் பேச்சுக்குள் ஒளித்துவைக்க எனக்கு விருப்பமில்லை. மாமியார் தவறிய பிறகு இந்தப் பெரிய வீட்டில் ஒருத்தி என்று எழுதியிருக்கிறீர்கள். கோயிலுக்கும் விசேஷத்துக்கும் போகிறீர்களா, தூக்கம் எப்படி என்று எதுவும் எழுதவில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக அனேகமாக நாள் முழுக்க மனசு இருண்டே இருக்கிறதா? விடியும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறதா? பிடித்த பலகாரம்கூட மண்ணாக இருக்கிறதா? நான் யாருக்கும் பாரம் என்றோ, போய்ச்சேர்ந்தால் தேவலாம் என்றோ நினைப்பு வருகிறதா? இவற்றில் சிலதுக்கு ஆமாம் என்றால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சர்க்கரைக்கு மருந்து இருப்பது போல அதற்கும் நல்ல மருந்தும் பேச்சு சிகிச்சையும் இருக்கின்றன, ஆன்டிஆக்சிடன்ட் அதன் இடத்தில் நிற்காது. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் பரிசோதனை முடிவு வரட்டும் என்று இருக்காதீர்கள். வீட்டுக்காரரை இன்றே வரச்சொல்லுங்கள், 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் எண் அது, இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

இந்தப் பதிலை மகளிடம் போனில் படித்துக் காட்டுங்கள். தான் கொடுத்ததால் அம்மாவுக்குக் கெடுதல் வந்துவிட்டதோ என்று அவள் பதறவேண்டாம், பக்கத்தில் இல்லையே என்ற தவிப்பில் கொடுத்தது. தினமும் நாலு மணிக்கு நீங்கள் மீட்டரில் பார்த்த எண்ணை அவளுக்கு அனுப்புங்கள். அங்கே அவளுக்கு விடிகாலையாக இருக்கும், எழுந்ததும் பார்த்துக்கொள்ளட்டும். டப்பாக்களைத் தூக்கிப்போடாமல் ஆறையும் ஒரு பையில் போட்டு, பெயரும் டோஸும் தெரியும்படி உங்கள் டாக்டரிடம் எடுத்துப்போங்கள். முடிவுகள் கைக்கு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள் ஆச்சி. ஃபெரிட்டின் எண்ணையும், ஸ்கேனில் என்ன சொன்னார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.